கடைசிப் பெட்டி

“நெட்டையன்தான். விசாரணையில அவன் பேரைச் சொல்லு. நம்ம வீட்டு மானம் தப்பிக்கும்.”

பெரியவர் தன் பழைய கறுப்புக் கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். சுவரில் படமாகத் தொங்கும் அவருடைய அப்பாவும் ஸ்டேஷன் மாஸ்டர். மகனும் அதே உத்தியோகம்தான். ஆனால் அவன் இப்போது சஸ்பெண்ட் ஆகி, நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நடந்தது ஊருக்கே தெரியும். மகன் பொறுப்பில் இருந்த ஸ்டேஷனை ஒரு கூட்ஸ் வண்டி நிற்காமல் கடந்து போனது. அதன் கடைசி இரண்டு பெட்டிகள் ஸ்டேஷனுக்கு வரும் முன்பே வழியில் கழன்று தண்டவாளத்தில் நின்றுவிட்டன. அது தெரியாமல் மகன் பின்னால் வந்த பாசஞ்சருக்கு வழி கொடுத்தான். பாசஞ்சர் போய் அந்தப் பெட்டிகள் மேல் மோதியது. டிரைவர் ஆஸ்பத்திரியில் இன்னும் கண் விழிக்கவில்லை.

கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டிக்குப் பின்புறம் ஒரு சிவப்புப் பலகை தொங்கும். அதைத் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் ஸ்டேஷன் மாஸ்டர் அடுத்த வண்டிக்கு வழி கொடுக்க வேண்டும். பலகை இல்லையென்றால் வண்டி முழுசாக வரவில்லை என்று அர்த்தம்.

“நான்தான்ப்பா பார்த்தேன். தப்பாப் பார்த்துட்டேன். அங்கேயும் அதையே சொல்லிடறேன்.”

“பொய்!” பெரியவர் சட்டென்று நின்றார். “உனக்குத் தொழில் கத்துக் கொடுத்தவன் நான். இல்லாத பலகையை இருக்குன்னு பார்க்கிற கண்ணா உனக்கு? நீ பார்க்கவே இல்ல. டெலிபோன்ல பேசிட்டு இருந்திருக்கே. எவனோ சொன்ன சொல்லை நம்பி வழி விட்டுட்டே.”

சமையலறை வாசலில் மருமகள் தட்டோடு நின்றாள்.

“மாமா, அவர் கிளம்பற நேரம். ஒரு வாய் சாப்பிடட்டும்.”

“சாப்பாடு எங்கேம்மா ஓடிப் போகுது? இவன் இப்படியே உளறினா அரசாங்கமே வேளாவேளைக்குப் போடும், கம்பிக்கு உள்ளே.”

வீட்டின் பின்பக்கம் ரயில் பாதை. ஜன்னல் கண்ணாடி அதிர, கூட்ஸ் வண்டி ஒன்று தடதடவென்று கடந்து போனது. இரைச்சல் அடங்கியதும் பெரியவர், கடைசிப் பொத்தானுக்கான துளையைத் தடவித் தேடியபடியே, “முழு வண்டி” என்றார். அந்த வீட்டில் அது தும்மல் மாதிரி. யாரும் காதில் வாங்குவதில்லை. மருமகளின் கையிலிருந்த தட்டு மட்டும் கதவில் இடித்தது.

“எங்கே விட்டேன்? ஆங், நெட்டையன்.” மறுபடியும் நடக்கத் தொடங்கினார். “தண்டவாளம் மாத்தி விடற பாயிண்ட்ஸ்மேன் அவன். உன் பக்கத்துல நிக்க வேண்டியவன். அன்னைக்கு எங்கே நின்னான்னு எனக்குத் தெரியாதா? நான்தானே உனக்குச் சாப்பாடு கொண்டு வந்தேன்? உன் ரூம் ஜன்னலுக்கு வெளியே பெஞ்சுல உட்கார்ந்து பேப்பர் படிச்சிட்டிருந்தேன். அவன் பெரிய துரை மாதிரி பிளாட்பாரத்தோட அந்தக் கோடியில நின்னான். பலகை இருக்குன்னு அங்கிருந்தே கத்தியிருப்பான்.”

“நான்தான் அவனை அந்தப் பக்கம் அனுப்பினேன். அவன் எதுவும் சொல்லலப்பா. விட்டுடுங்க. அவனுக்கு மூணு பொண்ணுங்க.”

“நமக்கு மூணு தலைமுறை! ஒருத்தன் மேல ஒரு சொல் வந்ததில்ல. அதை உன்னோட முடிச்சுடலாம்னு பார்க்கறியா?”

மகன் அப்போதுதான் தலை நிமிர்ந்து பார்த்தான். “நீங்க எதுக்குப்பா கோட்டு போடறீங்க?”

“சாட்சி சொல்ல. உன் வாயில கொழுக்கட்டை. நானே வந்து, நெட்டையன் கத்தினான்னு சொல்லப் போறேன். விசாரிக்கிற அதிகாரிங்கள்ல பாதிப் பேர் என்கிட்ட வேலை பழகினவங்க. என் சொல்லைத் தட்ட மாட்டாங்க.”

“அவன் கத்தினதை நீங்க கேட்டீங்களா?”

“கேட்டுத்தான் தெரியணுமா? அங்கே வேற யாரு இருந்தா?”

மகன் மனைவியைப் பார்த்தான். அவள் தட்டை மேஜை மேல் வைத்தாள்.

“சொல்லிடுங்க,” என்றாள். “நாளைக்கு நெட்டையன் வீட்டுலயும் அடுப்பு எரியணும்.”

“என்னத்தைச் சொல்லணும்? ரெண்டு பேரும் சேர்ந்து எதை மறைக்கறீங்க?” பெரியவரின் குரல் வாசல் வரை கேட்டது. “எந்தக் குரலை நம்பி நீ எழுந்து பார்க்காம விட்டே? அது யாரா இருந்தாலும் சரி, சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் அந்த அதிகாரிங்க முன்னால நிறுத்தறேன். சொல்லுடா!”

மகன் எழுந்து வந்தான். இன்னும் மாட்டாமல் இருந்த அந்தக் கடைசிப் பொத்தானை அப்பாவுக்கு மெல்லப் போட்டுவிட்டான்.

“முழு வண்டின்னு உங்க குரல்தான்ப்பா கேட்டுச்சு.”