குடை போன வழி

அந்த மழையில் தெருவில் இருந்தவர்கள்: சாமிக்குக் குடை பிடித்த நான், என் தம்பி சங்கரலிங்கம், சப்பரம் சுமந்தவர்கள், நாதஸ்வரக்காரர், எங்கள் ஊர்வலத்தால் நின்றுபோன காரில் மணப்பெண் ரோஸ்லின், அவள் அப்பா சூசைமாணிக்கம். எதிரே மாதா கோயிலில் திருமணப் பூசைக்கு மணி அடித்துவிட்டது. கார் நகர வழியில்லை. இறங்கி நடந்தால் பெண்ணின் வெள்ளைப் பட்டு நனைந்துவிடும்.

முருகனுக்குப் பட்டுக்குடை பிடிப்பது எங்கள் குடும்பத்து உரிமை. ஒரு மனிதத் தலைக்கு மேல் அது விரிந்ததே இல்லை. நான் காரை நோக்கி நடந்தேன்.

"அண்ணே, சாமி நனையுது!" என்று தம்பி பதறினான்.

"அவரு ஐம்பொன்னுடா. இந்தப் பிள்ள கட்டியிருக்கது பட்டு. நம்மளால ஒரு கல்யாணம் தள்ளிப்போச்சுன்னு நம்ம வீட்டுக்குப் பேரு வரணுமா?"

ரோஸ்லின் சிரித்துக்கொண்டே குடைக்குள் வந்தாள். பாதி வழியில் திரும்பிப் பார்த்தேன். குடை போகும் வழியில்தான் சப்பரம் போக வேண்டும் என்பது வழக்கம். சுமந்தவர்கள் வழக்கம் மாறாமல் எங்கள் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார்கள். நாதஸ்வரக்காரர் கல்யாண வாசிப்புக்கு மாறியிருந்தார்.

வாசலில் நின்ற பாதிரியார் முருகனைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "பொண்ணு வீட்டு ஆளுக இம்புட்டுப் பேரா? வாங்க, வாங்க!" என்று கைகூப்பினார்.

முருகன் மாதா கோயிலுக்குள் பீடம் வரை போய்விட்டார் என்று ஊரில் ஒரு பேச்சு உலவுகிறது. அது பொய். தாலி கட்டி முடியும்வரை அவர் வாசல் மண்டபத்தில்தான் நின்றார்.