நெருங்கி நிற்பவர்கள்

ராணுவத்தின் பிடியிலிருந்த அந்த ஊருக்கு ஒவ்வொரு வருடமும் போய், பள்ளிவாசலின் வாசலில் ஒரே இடத்தில் நின்று நண்பகல் தொழுகையைப் படமெடுப்பார் குலேந்திரன். இழுத்துச் செல்லப்பட்டவர்களின் வெற்றிடத்தை எப்படியாவது காட்டிவிட வேண்டும் என்பது அவர் பிடிவாதம். ஒருமுறையும் அது படத்தில் விழவில்லை. தொழுகை வரிசையில் இடைவெளி கூடாதென்று, மிஞ்சியவர்கள் தோளோடு தோள் ஒட்டி நின்றுவிடுவார்கள். வரிசைதான் வருடத்துக்கு வருடம் குறுகியது.

இந்த முறை இமாம் ஆதம்பாவா மட்டுமே இருந்தார். தொழுகைக்கு முன் வழக்கம்போலத் திரும்பி, வெறும் பாய்களைப் பார்த்து, “நெருங்கி நில்லுங்க, இடைவெளி உடாதீங்க” என்றார். பிறகு பொறுமையாகக் காத்திருந்தார்.

பாய்கள் சரசரத்தன.

குலேந்திரன் கேமராவை இறக்கிவிட்டு, வாசலை மறிக்காமல் ஒதுங்கி வழிவிட்டார்.