சீசருக்கு வச்ச சோறு

கோமளா வீட்டுக் கிழட்டு நாய் சீசர் செத்துப்போச்சு. செத்த மனுசங்களுக்கு வைக்கிற மாதிரியே, அதுக்குப் புடிச்ச தயிர்சாதத்தை மொட்டைமாடிச் சுவத்துல வச்சு, "கா... கா..."ன்னு கூப்பிட்டா கோமளா.

தண்ணி டேங்க் மேல இருந்த காக்கா எறங்கவே இல்ல.

"போய்த் தின்னேன்டா"ன்னுச்சு பக்கத்துல இருந்த அணில். "நீ தொட்டாத்தான் சீசர் சாப்பிட்டதா அவ நம்புவா."

"நானா? அவன் சோத்துல ஒரு பருக்கை தொட விட்டிருப்பானா? எத்தனை தடவை என் வாலைப் புடுங்கியிருக்கான்!"

"இப்பதான் அவன் இல்லையே."

"அதனாலதான்டா போக முடியல."

சுவத்தைப் புடிச்சுக்கிட்டு கோமளா விசும்புனா. "என்மேல கோவமாடா சீசர்? நீ துடிக்கிறதைப் பாக்க முடியாமத்தான்டா ஊசி போடச் சொன்னேன்."

காக்காவுக்குப் பொறுக்கல. சட்டுனு எறங்கி ஒரு வாய் எடுத்துச்சு. எடுத்த வேகத்துல, பழக்கதோசத்துல, நாலடி பின்னாடி குதிச்சுச்சு.

யாரும் வெரட்டல.

"சாப்ட்டுட்டான்"னு கண்ணைத் துடைச்சுக்கிட்டு கோமளா கீழ போயிட்டா. காக்கா மட்டும் மாடிப்படியையே பாத்துக்கிட்டு நின்னுச்சு.

"இன்னும் என்னடா பாக்குற?"ன்னுச்சு அணில்.

"இல்ல... வயசான நாயில்ல. படியேறி வர நேரமாகும்."