பத்துக்குப் பத்து

"செத்துப்போனவர் காலையில காபியில சர்க்கரை பத்தலைன்னு என்கூட சண்டை போட்டுட்டுப் போயிருக்கார் சார்" என்றாள் அவள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

சூப்பர்வைசர் அவளுடைய திரையை எட்டிப் பார்த்தார். கறுப்பு வெள்ளையில் ஒரு போட்டோ. கீழே கொட்டை எழுத்தில்: 'இன்றைய பொதுக்கூட்டத்தில் எதிர்க்கட்சிக் குண்டர்களால் அடித்துக் கொல்லப்பட்டார் மைக் செட் தொழிலாளி, வயது 40. இரண்டு பச்சிளம் குழந்தைகள் தவிப்பு. நெஞ்சில் ஈரம் இருந்தால் பகிருங்கள்.'

"உங்க வீட்டுக்காரரா?"

"சத்தியமா சார். கூட்டத்துக்கு பாஸ் வேணும்னு நேத்து கட்சி ஆபீஸ்ல நிக்க வெச்சு எடுத்த போட்டோ இது. எவனோ அதைச் சுட்டு இதுல போட்டுட்டான்."

அந்த அறையில் பன்னிரண்டு பேர். அரசியல் பதிவுகளைப் படித்து, ஒவ்வொன்றும் ஜனங்களின் மனதை எவ்வளவு திருகுகிறது என்று பத்துக்கு மார்க் போட வேண்டும். அதுதான் வேலை. போன்களை வாசலிலேயே பெட்டியில் போட்டுவிட வேண்டும். எந்தக் கட்சியையும் சேராத நிறுவனம் என்று பெட்டிக்கு மேலே பலகையே மாட்டியிருந்தார்கள்.

அவளுக்கு அங்கே 'தராசு' என்று பெயர். அவள் மார்க் போட்டால் அப்பீல் கிடையாது. ஒரே ஒரு குறை, அவள் பத்து போட்ட பதிவுகள் ரெண்டு நாள் கழித்து பஸ்ஸில் எல்லார் போனிலும் ஓடிக்கொண்டிருக்கும். பொய் ஓடுகிற வேகத்துக்கு ஆபீஸால் ஈடுகொடுக்க முடியவில்லை என்று நினைத்துக்கொண்டு, அவள் இன்னும் வேகமாக மார்க் போட்டாள்.

"இதை உடனே தூக்கணும் சார். எங்க அத்தை நாள் முழுக்க போனும் கையுமாத்தான் இருப்பாங்க. போன மாசம்தான் நெஞ்சுல ஆபரேஷன். புள்ள செத்துட்டான்னு இதுல பாத்தாங்கன்னா, அங்கேயே அவங்க கதையும் முடிஞ்சிடும்."

"பதறாதீங்க தராசு. முறையா செய்வோம்." ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பேனாவை எடுத்தார். "எது எது தப்புன்னு ஒண்ணொண்ணா சொல்லுங்க."

"முதல்ல குழந்தைங்க. எங்களுக்குக் குழந்தையே இல்ல."

'குழந்தை இல்லை' என்று குறித்துக்கொண்டார். "வேற யாரு வீட்ல?"

"அத்தை மட்டும்தான். இவர் ஒரே புள்ள."

'ஆபரேஷன் ஆன தாய்க்கு ஒரே மகன்' என்று எழுதி, அடிக்கோடு போட்டார். மனுஷனுக்கு எவ்வளவு அக்கறை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"வயசு சரியா?"

"முப்பத்தாறு சார். நாப்பதாம். நாப்பது வயசுக்காரனுக்கு இவ்ளோ முடி இருக்குமா?"

சூப்பர்வைசரே சிரித்துவிட்டார். நாற்பதை அடித்துவிட்டு முப்பத்தாறு ஆக்கினார்.

"எல்லாத்தையும்விடப் பெரிய ஓட்டை ஒண்ணு இருக்கு" என்று அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இந்த இடத்துக்காகத்தான் அவள் காத்திருந்தாள். "கூட்டமே அஞ்சு மணிக்கு. இப்ப மணி மூணு. அவர் இந்நேரம் மைதானத்துல ஒயர் இழுத்துட்டிருப்பார். பொய் சொல்றவனுக்குக் கூட்டம் ஆரம்பிக்கிற வரைக்கும்கூட பொறுமை இல்ல பாருங்க."

அதை மட்டும் அவர் எழுதிக்கொள்ளவில்லை.

"மார்க்?"

அவள் நியாயஸ்தி. சொந்த வீட்டு விஷயம் என்பதற்காகத் தராசு சாயக் கூடாது. பதிவை இன்னொரு முறை முழுக்கப் படித்தாள்.

"பத்துக்குப் பத்து சார். வேற வீட்டு ஆளா இருந்தா நானே அழுதுட்டுப் பத்துப் பேருக்கு அனுப்பியிருப்பேன்."

அவர் பத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, தாளை மடித்துக்கொண்டு எழுந்தார். அவருடைய கண்ணாடி அறை வரைக்கும் அவள் பின்னாலேயே போனாள்.

"எப்ப சார் தூக்குவீங்க? அத்தை இதுக்குள்ள பாத்திருப்பாங்களோன்னு மனசு அடிச்சுக்குது. வீட்டுக்கு ஒரே ஒரு போன் பண்ணிக்கட்டுமா?"

"போன் ஷிப்ட் முடிஞ்சதும்தான். உங்களுக்குத் தெரியாத ரூல்ஸா?"

அவள் முகம் வாடியதைப் பார்த்து அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். கதவில் கை வைத்தபடி திரும்பி, ஆறுதலாகச் சொன்னார்.

"யாரும் பாத்திருக்க மாட்டாங்கம்மா. இது ஆறு மணிக்குத்தான் வெளிய போகுது."