திறக்கலக்கா

"ஒரே ஒரு புகார்தான் பாக்கி மேடம். அதை முடிச்சுட்டு எழுந்துடறேன்."

ஹெட்போனைக் கழற்றாமலே அவன் சொன்னதும் மேனேஜர் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"யாரு, நம்ம திறக்கலக்காவா? மூணு வருஷமா திறக்காத பாடம் இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள திறந்துடுமா? லைனைக் கட் பண்ண ஆள் வந்தாச்சுப்பா."

கம்ப்யூட்டரில் போட்டு மொழி படிக்கிற சிடி விற்ற கம்பெனி அது. ஒரு காலத்தில் ஓகோவென்று ஓடியது. சந்தேகம் கேட்டு வருகிற போன்களுக்குப் பதில் சொல்லவே இந்த ஹாலில் நாற்பது பேர் இருந்தார்கள். தண்ணீர் குடிக்க எழுந்தால்கூடப் பக்கத்து நாற்காலிக்காரர் முறைப்பார். அப்புறம் ஆளாளுக்குக் கையில் செல்போன் வந்தது, அதற்குள்ளேயே பாடமும் வந்தது. சிடியைச் சீண்ட ஆளில்லை. நாற்பது பேர் பத்துப் பேராகி, கடைசியில் இவன் ஒருவன்தான் மிஞ்சினான். இன்று இவனுக்கும் கடைசி நாள்.

வேலை போவதுகூட அவனுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஒரு புகாரைத் தீர்க்காமல் போகிறோமே என்பதுதான் மனசை அரித்தது.

திறக்கலக்கா ஆஸ்பத்திரி நர்ஸ். ஜெர்மனியில் வேலைக்குப் போக ஆசை. அந்த மொழி பேச வந்தால்தான் எடுப்பார்கள். முதல் போனே, "ஒண்ணாம் பாடம் திறக்கல தம்பி" என்றுதான் வந்தது.

"ஆஃப் பண்ணிட்டுத் திரும்ப ஆன் பண்ணுங்கக்கா" என்றான்.

அவன் வாயை மூடுவதற்குள், "பண்ணிட்டேன், ஊஹூம்" என்றாள்.

"அந்தம்மா கம்ப்யூட்டர் வேகம் நம்ம ஆபீஸ்ல ஒண்ணுக்காவது உண்டா?" என்று மேனேஜர் கிண்டல் செய்வார்.

என்ன சொல்லியும் திறக்கவில்லை. காசு கொடுத்து வாங்கியவளாயிற்றே, பாவம் என்று சந்தேகம் தீர்த்துத் தீர்த்தே ஜெர்மன் பாடமெல்லாம் மனப்பாடமாகியிருந்த இவனே அந்தப் பாடத்தைப் போனில் வாயால் சொல்லிக்கொடுத்தான். அவள் திருப்பிச் சொல்ல, தப்பைத் திருத்தினான். அடுத்த வாரம், "ரெண்டாம் பாடம் திறக்கல தம்பி." வேறு போனே வராத ஆபீஸ். இவனும் சளைக்கவில்லை.

இன்று காலை அக்காவுக்கு இன்டர்வியூ. ஏற்கெனவே இரண்டு தடவை மொழி வரவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்தத் தடவையும் கோட்டை விட்டால் வயது தாண்டிவிடும்.

"சிடி மட்டும் ஒழுங்கா ஓடியிருந்தா இந்நேரம் வெளுத்து வாங்கியிருப்பாங்க மேடம்" என்று புலம்பினான். "தோத்துட்டாங்கன்னா அந்தப் பாவம் என் தலையிலதான்."

போன் அடித்தது. பாய்ந்து எடுத்தான்.

அக்காதான். பஸ்ஸில் கூட்டம், வழியில் மழை, படியேறும்போது அறுந்த செருப்பு என்று எடுத்த எடுப்பில் ஜெர்மனில் பொரிந்து தள்ளினாள். இவனும் பழக்க தோஷத்தில் ஜெர்மனிலேயே 'ம்' கொட்டிக்கொண்டிருந்தான். ஓர் இடத்தில்கூடத் திருத்த வேண்டியிருக்கவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

"அக்கா, முதல்ல இன்டர்வியூ என்னாச்சு சொல்லுங்க."

"இதே மாதிரிதான் தம்பி அங்கயும் பேசினேன். போதும் தாயேன்னு வேலையைக் குடுத்துட்டாங்க."

அவன் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டான். மேனேஜர் ஓடி வந்து போனை ஸ்பீக்கரில் போட்டார். லைனைக் கட் பண்ண வந்தவர் விஷயம் என்னவென்றே தெரியாமல் கைதட்டினார்.

"இன்னும் கேளு" என்றாள் அக்கா. "அந்த ஊர்க்காரங்க மாதிரியே பேசறீங்களே, யாரு சொல்லிக்குடுத்தாங்கன்னு கேட்டாங்க. உன்னைத்தான் சொன்னேன். எங்க ஆஸ்பத்திரியில இன்னும் பதினஞ்சு நர்ஸுங்க போகக் காத்திருக்காங்க. அவங்களுக்கு வாத்தியாரா வருவியான்னு கேக்கச் சொன்னாங்க. நாளைக்கே வா."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் பிடிவாதக்காரன்.

"கண்டிப்பா வரேன்க்கா. ஆனா புகாரை முடிக்காம நான் இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன். வீட்டு அட்ரஸ் சொல்லுங்க. நானே நேர்ல வந்து உங்க கம்ப்யூட்டரை ஒரு கை பாத்துடறேன்."

அந்தப் பக்கம் அக்கா சிரித்தாள்.

"கம்ப்யூட்டருக்கு நான் எங்க தம்பி போவேன்? என்கிட்ட இருக்கறதே பட்டன் போன்தான். பழைய பேப்பர் கடையில உங்க சிடியோட காலி அட்டைப்பெட்டி ஒண்ணு கெடச்சுது. மூடி மேல, 'சந்தேகமா? இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க, இலவசம்'னு போட்டிருந்துது."