நோன்புக் களைப்பு

“இந்தக் கொட்டிலில ஆருக்காவது கண் மஞ்சளாகினதா?” என்று கேட்டார் சுகாதாரப் பரிசோதகர் யசோதரன்.

எத்தாளையில், ரஸாக் ஹாஜியாரின் கீரைத் தோட்டத்துக் கொட்டில் அது. வல்லாரைக் குவியலைச் சுற்றிச் சாக்கு விரித்து ஆறு பெண்கள் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லார் கண்ணும் ஆளில்லாமல் கிடந்த ஏழாவது சாக்குக்குப் போய் வந்தது.

“அனுஜாவுக்கு. போன கிழமைதான் தெரிஞ்சுது, சேர். உடனே நிப்பாட்டியாச்சு,” என்றாள் பவளம்.

நிப்பாட்டியாச்சாம். அந்தப் பிள்ளை தேத்தண்ணீர் குடித்த கோப்பையையும் அல்லவா வேலிக்கு அப்பால் எறிந்தார்கள். உடப்பிலிருந்து வந்து, சின்னம்மா வீட்டில் நின்று உழைத்தவள். கலியாணம் பேசி முடிக்கிற நேரம். கதை பரவியதும் மாப்பிள்ளை வீட்டார் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

யசோதரன் அவள் பெயரைக் கொப்பியில் எழுதினார். எழுதிவிட்டு, ஆனால் இது போன கிழமை தொடங்கியதில்லை என்றார்.

ஒன்பது பேருக்குக் கண்ணை மஞ்சளாக்கும் செங்கமாரி. யுத்தம் முடிந்தபின் கண்டக்குழியில் முளைத்த விடுதிகளில் தங்கியவர்கள் இரண்டு பேர், மற்றவர்கள் ஊர்ச்சனம். எல்லாருமே இந்தத் தோட்டத்து வல்லாரையைப் பச்சையாகச் சம்பல் போட்டுத் தின்றவர்கள். கண்டக்குழிப் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி வயிற்றுப் பிள்ளையோடு போய்விட்டாள்.

பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஜுனைதாவின் பக்கம் ஒருத்தியும் பார்க்கவில்லை.

ஜுனைதா இரண்டு கிழமை வேலைக்கு வராமலிருந்து முந்தாநாள்தான் வந்திருந்தாள். வீட்டில் இருக்க முடியவில்லை என்று மட்டும் சொன்னாள்.

முதலில் நோய் கண்டவர் நோன்பு மாதத்திலேயே கண்டிருக்க வேண்டும் என்றார் யசோதரன். கண் மஞ்சளாகும் முன்னமே கிருமி வெளியே வரத் தொடங்கிவிடும். ஆள் களைத்திருப்பார், சாப்பாட்டில் மனம் போகாது, சிறுநீர் தேயிலைச் சாயமாய்ப் போகும். கக்கூசுக்குப் போன கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவாமல் வந்து இலையைத் தொட்டால் போதும். அந்த இலையை வாளித் தண்ணீரில் அலசினால் வாளி முழுக்கப் பரவும்.

ஜுனைதா பாதி கட்டிய கட்டை மடியில் வைத்தாள்.

நோன்பில் யார்தான் களைக்கவில்லை? பகல் முழுக்கத் தண்ணீர் படாத உடம்பிலிருந்து சிறுநீர் வேறெப்படிப் போகும்? நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழம் குமட்டியதற்கு, வயசு போகிறது என்று தன்னைத்தானே கேலி செய்தாள். கண் மங்கலாய் இருந்ததற்குத் தூக்கமில்லை என்றாள். பெருநாளோடு எல்லாம் சரியாகிவிட்டது. ஒரு நோன்பையும் விடவில்லை என்ற பெருமை வேறு.

ஐந்து நேரத் தொழுகைக்கும் ஒலு எடுத்துக் கழுவுகிற கை. அதில் அழுக்கு நிற்கும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. கொட்டிலில் சவுக்காரம் வைத்ததுமில்லை, யாரும் கேட்டதுமில்லை.

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அனுஜாவின் பெயர் ஏறியாயிற்று. அப்படியே இருந்துவிடலாம் என்று கொஞ்ச நேரம் அவள் நினைத்ததும் உண்மைதான். பாவம், அவளும் மனுசிதானே.

“அந்தப் பிள்ளைட பேர வெட்டுங்க சேர்,” என்றாள். “நோன்புல எனக்கிருந்திச்சி. அவளுக்கும் என்ட வாளியிலதான் வந்திரிக்கும்.”

“வேணாம் ராத்தா,” என்று பவளம் அவள் தோளைப் பிடித்தாள்.

யசோதரன் இரக்கமுள்ள மனிதர். முன்பின் தெரியாத ஒருத்தியின் சாவுக்காக இந்த மனுசி இப்படி உடைந்துபோகிறாளே என்று நினைத்தார். பேனையை மூடிவிட்டுக் குந்தியிருந்து, அவளுக்கு ஆறுதல் சொன்னார்.

“மனச விட்டிராதீங்க அம்மா. இங்க ஏழு பேர் கட்டுறீங்க. சந்தையில அந்தப் பிள்ளத்தாய்ச்சி உங்கட கட்டத்தான் வாங்கிச்சுது எண்டு ஆருக்கும் சொல்லேலாது.”

ஜுனைதா தலைமறைப்பை இழுத்து முகத்தைத் துடைத்தாள்.

“அவ சந்தையில வாங்கல்ல சேர். தலப்பிள்ளப் பேறுக்கு உம்மா வீடெண்டு எங்கிட்ட வந்திருந்தா. ரத்தம் காணாதெண்டு கீர தின்னச் சென்னாங்க. நான்தான் ஒவ்வொரு நாளும் அரிஞ்சி, பெசஞ்சி, வாயில தீத்தினன்.”