தேவாரத்து மண்

மூன்று நாளாக ஒச்சாண்டிக்கு உயிர் பிரியாமல் இழுத்துக்கொண்டிருந்தது. ஏதோ ஓர் ஆசை பிடித்து வைத்திருக்கிறது என்று வயல் மண்ணைக் கரைத்து வாயில் ஊற்றினார்கள். பொன்னை உரசியும் ஊற்றினார்கள். அடங்கவில்லை.

“கண்ணு எதையோ தேடுது. நெனவு இருக்குப்பா, அவுகளுக்கு வலிக்கும்” என்று பதறிய மனைவி மாயக்காள், மகனைத் தனியே அழைத்தாள். “வண்டியப் பூட்டு. தேவாரத்துல வடக்குத் தெரு கடைசி வீடு. வாசல்ல ஒரு பிடி மண்ணு அள்ளிட்டு வா.”

“அங்கன நமக்கு யாரு ஆத்தா இருக்கா?”

“போயிட்டு வா கர்ணா.”

மண் வந்தது. கரைத்து ஊற்றிய முதல் மடக்கிலேயே ஒச்சாண்டியின் மூச்சு அடங்கியது.

“ஒரு பொம்பள அழுதுக்கிட்டே அள்ளிக் குடுத்துச்சு. யாரு ஆத்தா அது?”

மாயக்காள் கணவனின் கண்களை மூடினாள்.

“இருபது வருசமா அவுக மாட்டுச் சந்தைக்குத்தான் போனாகன்னு நான் நம்பியிருந்தா, இன்னும் இழுத்துக்கிட்டுல்ல கெடப்பாக.”